புரியாத மொழியில் ஒரு சண்டை

ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி, செஞ்சி கடைத்தெருவில் இருக்கும் எங்கள் பாத்திரக் கடையின் வாசலை ஒரு மணி நேரம் கேட்டாள். தலையில் அலுமினியக் குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, எந்த மொழியிலும் இல்லாத சொற்களைச் சத்தமாகப் பேசப்போகிறாளாம். போரை வெறுத்த ஐரோப்பியக் கலைஞர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே மேடையேறி இப்படி உளறியதை வகுப்பில் படித்திருந்தோம். அதிர்ந்தால்தான் மனம் விழிக்கும் என்று அவள் நம்பினாள்.

கடை அப்பாவுடையது; நைனாவிடம் கேட்டேன். "பைத்தியம்னு சொல்லுவாங்களே, பரவால்லியா?" என்றார்.

"அதுதான்ப்பா வேணும்" என்றாள் தோழி.

"சரி, குண்டான் நசுங்காம பாத்துக்கோ."

யார் முதலில் அதிர்வார்கள் என்று பார்க்க எனக்கு ஆவலாக இருந்தது. கால் மணி நேரமாக யாரும் அதிரவில்லை. இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். ஒருவர் அவள் தலையிலிருந்த குண்டானைத் தட்டிப் பார்த்து, "எத்தினி லிட்டர் புடிக்கும்?" என்று என்னைக் கேட்டார்.

அப்போதுதான் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட மணிமாலை. இட்லிப் பானை வாங்க வந்தவர், தோழியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கபுளா நிம்டோ, செரக்கு மோ" என்றாள் தோழி.

"ம்… அப்புறம்?"

தோழி குரலை உயர்த்தினாள். அவர் அவளுடைய முழங்காலில் கையை வைத்தார். "கோவப்படாத கண்ணு. மெதுவா சொல்லு. எத்தினி நாளா இப்டி இருக்குது?"

தோழி பேச்சை நிறுத்தினாள். அந்த அம்மாவே சொன்னார்: "எங்க வூட்டுக்காரருக்கு பக்கவாதம் வந்து ரெண்டு வருசமாவுது. அவரும் இப்டித்தான் பேசறாரு. ஒண்ணும் புரியாது."

தோழி குண்டானைக் கழற்றினாள். "எனக்குப் பேச வரும்க்கா. நான் சும்மா… மன்னிச்சிடுங்க."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "அப்ப இத எங்க கத்துக்கினே?"

"நானா உண்டாக்குனது."

"வூட்டுக்கு வந்து அவருகிட்ட கொஞ்சம் பேசறியா? நான் பேசனா மூஞ்சத் திருப்பிக்கிறாரு."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த நேரத்துக்கு டவுன் பஸ் பிடித்து அவர்கள் ஊருக்குப் போனோம். வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மாவின் கணவர் உட்கார்ந்திருந்தார். கடை வாசலில் கூசாத தோழி இங்கே கூசினாள். தரையைப் பார்த்தபடி இரண்டு வார்த்தை உளறினாள். அவர் புருவத்தைச் சுருக்கினார். பிறகு நீளமாக ஒரு பதில் சொன்னார். இவளும் விடவில்லை. பேச்சு ஏறிக்கொண்டே போனது. அவர் நல்ல கையை ஓங்கி ஓங்கி வாதாடினார். இவள் தலையாட்டி மறுத்தாள். திடீரென்று அவர் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மனைவி துண்டால் அவர் வாயைத் துடைத்துவிட்டார்.

"எதப் பத்திச் சண்டை?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"நெலத்தப் பத்தியாத்தான் இருக்கும்" என்றார், சந்தேகமே இல்லாமல்.

தோழி அதன் பிறகு கடைவீதியில் உட்காரவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போகிறாள். அங்கே நடப்பதை ஒருமுறைகூடப் படம் எடுத்ததில்லை. இதுவும் கலைதானா என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியல" என்றாள். "நேத்து என்னை ஏதோ நல்லாத் திட்டுனாரு. என்னன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."