அண்ணன் பாதியில் விட்ட ஆட்டம்

மல்லாங்கிணற்றில், மழையை நம்பிய இரண்டு ஏக்கர் நிலமுள்ள வீட்டில் மூத்தவராகப் பிறந்தார் அண்ணன். மழை பொய்த்ததால் பதினெட்டு வயதில் திருத்தங்கல் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். பின்னால் நானும் அங்கேயே சேர்ந்தேன். வெடிக்குழாய் சுற்ற வரும் பழைய பேப்பர்க் கட்டுகளைப் பிரிப்பது அவர் வேலை. அதில் ஒருநாள் ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் கதைக்குள் ஆட்களாக இருந்து என்ன செய்வதென்று முடிவெடுக்கும் விளையாட்டின் விதிகள். முன்பாதி இல்லை, ஏதோ ஒரு தீபாவளிக்கு வெடித்திருக்கும். அகராதி பார்த்துப் பின்பாதியைப் படித்தார், முன்பாதியை அவரே எழுதினார். பகடைக்குத் தாயக்கட்டை.

ஞாயிறுதோறும் அண்ணன் நடத்துவார். நானும் எங்கள் மாமா மகனும் ஆடுவோம்.

"இருட்டுக் குகை. கையில தீப்பந்தம் இருக்கு. என்னலே செய்யப்போற?"

"உள்ள வெடிமருந்து இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"குகையில ஏதுலே மருந்து?"

"பாக்காம எப்படிண்ணே பத்த வைக்க?"

வெளிச்சமில்லாமல் போய்க் குழியில் விழுந்து செத்தோம். ஐந்து ஞாயிறு செத்தோம். ஆறாவது ஞாயிறு நான் குகை வாசலில் செருப்பையும் கழற்றி வைத்தேன். வெடிமருந்து அறைக்குள் அப்படித்தானே போவோம். அண்ணன் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. சிரித்துவிட்டு மறுபடி உயிர் கொடுப்பார்.

கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்தும் ஆட்டம் நிற்கவில்லை. மாமா மகன் திருப்பூர் போனபின் அண்ணன் மகள் வந்து சேர்ந்தாள். வந்த அன்றே பந்தத்தைக் கொளுத்தினாள். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன்.

பிறகு அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டது. ரத்தம் சுத்திகரிக்க வாரம் இருமுறை மதுரைக்குப் பஸ். கடைசி நாளன்று ஆஸ்பத்திரியில் என்னை அருகே கூப்பிட்டார்.

"ஆட்டத்துல பிள்ளை ஆத்துக்கு நடுவுல நிக்கா. எனக்கப்புறம் நீதாம்லே நடத்தணும்."

"டீ வாங்கிட்டு வாரேண்ணே" என்றேன்.

அவர் டீ கேட்கவில்லை. தண்ணீரையே அளந்து குடித்துக்கொண்டிருந்தவர். நான் வெளியே போய் மூன்று டீ குடித்தேன். மூன்றிலும் சர்க்கரை இல்லையென்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். மதினி செல்போனில் இரண்டு தடவை அழைத்தார், எடுக்கவில்லை. திரும்பியபோது அண்ணன் கையைப் பிடித்தபடி மதினி அழுதுகொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அண்ணன் மகள் கேட்டாள்: "எப்ப ஆரம்பிக்கலாம் சித்தப்பா?"

"தீபாவளி சீசன் முடியட்டும்த்தா."

சீசன் முடிந்தது. பொங்கல் போகட்டும் என்றேன். பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சை அவளுக்கு, பயம் எனக்கு. நான் வாயைத் திறந்தால், இனி அண்ணன் நடத்தமாட்டார் என்பது உறுதியாகிவிடும். அதுதான் பயம்.

போன மாதம் ஒரு ஞாயிறு, கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். நான் தாயக்கட்டையைக் கையில் எடுத்தேன்.

"ஆத்துக்கு நடுவுல நிக்க. தண்ணி இடுப்பளவு. பக்கத்துல ஒரு பாறை. என்னத்தா செய்யப்போற?"

"அக்கரைக்குப் போகலை சித்தப்பா. பாறையில ஏறிக் கொஞ்சம் உக்காந்துக்கிடுறேன்."

"எம்புட்டு நேரம்?"

"தெரியலை."

விதியில் அதற்கு இடமுண்டா என்று எனக்குத் தெரியாது. சரி என்றேன்.

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளான இன்று, அவருக்கு ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழர்களுக்கும், மதுரை பஸ்ஸில் அவருக்கு எழுந்து இடம் கொடுத்த முகம் தெரியாதவர்களுக்கும், இந்த ஓராண்டு எங்களை விசாரித்துக்கொண்டே இருந்த உங்கள் எல்லாருக்கும் குடும்பத்தார் கைகூப்பி நன்றி சொல்கிறோம். மூன்று ஞாயிறு ஆகிறது. அண்ணன் மகள் இன்னும் அந்தப் பாறையில்தான் இருக்கிறாள். அவசரமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.