மலர் அரும்பில் இருக்கிறாள்

வாத்தியார் வேலையில் பாடம் சொல்லிக்கொடுப்பதுகூட லேசு. பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பும் வாத்தியாரைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வதுதான் கஷ்டம். என்னோடு சேர்ந்து சாக்பீஸ் பொடி தின்றுகொண்டிருக்கும் டீச்சர்மாரே, சார்மாரே, இதைப் படித்துவிட்டு 'நம்ம பள்ளிக்கூடத்துலயும் இதே கூத்துதான்' என்று ஒருத்தராவது சொன்னால் எனக்கு வயிறு குளிரும்.

மூன்று பாய்

காரைக்குடிப் பக்கம் அரியக்குடிக்குக் கிட்டத்தில் எங்கள் பள்ளி. தலைமையாசிரியர் ஒருத்தர், நான் ஒருத்தி, மொத்தமே அவ்வளவுதான். ஒருநாள் பயிற்சியில், எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடம் என்கிற காலம் போய்விட்டது, அவரவர் நிற்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள் என்றார்கள். எழுத்துக்கே தடுமாறுகிற பிள்ளை அரும்பு. வார்த்தை படித்தால் மொட்டு. வகுப்புப் பாடத்தையே படித்துவிட்டால் மலர். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லமாட்டேன். நல்ல யோசனை என் கையில் வந்து மாட்டியதுதான் அதற்குப் பிடித்த சனி.

எந்தப் பிள்ளை எந்த நிலை என்பது மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் பக்குவமாகச் செய்யுங்கள் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் என்ன செய்தேன்? பஸ்ஸை விட்டு இறங்கியதும் கடைக்குப் போய் மூன்று நிறத்தில் பாய் வாங்கினேன். தெர்மாகோலில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஆளுயரத்துக்கு வெட்டி, ஜிகினாத்தூள் தூவி, பாய்களுக்கு மேலே தொங்கவிட்டேன். தலைமையாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பாராட்டுவார் என்று. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஒரு சுற்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு டீச்சர், பெரியாஸ்பத்திரியில வார்டு பிரிச்ச மாதிரி."

தண்ணித்தொட்டிக்கு அங்குட்டு

யார் யார் எந்தப் பாய் என்று முடிவுசெய்ய ஒரு தேர்வு உண்டு. படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும், பிள்ளை சொல்கிற விடை சரியா தப்பா என்று போனில் அமுக்க வேண்டும். எங்கள் ஊரில் தண்ணித்தொட்டிக்கு அங்குட்டு நின்றால்தான் சிக்னல் வரும். உச்சி வெயிலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டேன். பதினோராவது பிள்ளை மலர். மூன்றாம் வகுப்பு. அவள் அம்மா பெருமாள் கோயில் வாசலில் பூ விற்கிறவர்.

முதல் படம், அஞ்சு இதழ் வைத்த வெள்ளைப் பூ. "இது என்ன?" என்றேன். "நந்தியாவட்டை" என்றாள். போனில் விடை 'பூ' என்று இருந்தது. "தப்பு, நல்லாப் பாத்துச் சொல்லு" என்றேன். மறுபடியும் நந்தியாவட்டை என்றாள். எனக்குத் தலைக்குள் வேர்த்தது, போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது, எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏத்தா, இது பூவா இல்லியா?" என்று ஒரு அதட்டல் போட்டேன். பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. "பூவுன்னா, எந்தப் பூ டீச்சர்?"

ஆய்வு

அந்த அதட்டலுக்குப் பிறகு மலர் வாயைத் திறக்கவில்லை. வார்த்தை படி என்றேன், வரி படி என்றேன், தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றுக்கும் தப்பு, தப்பு என்று அமுக்கி, பிள்ளையை அரும்பு பாயில் கொண்டுபோய் உட்காரவைத்தேன்.

பத்து நாள் கழித்து அதிகாரி ஒருவர் பார்வைக்கு வந்தார். ஜிகினாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மலர் எங்க இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டார். மலர் பாயில் யார் யார் என்பதுதான் கேள்வி. வகுப்புத் தலைவி சிவகாமி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "மலரு அரும்புல இருக்கு சார், அதுக்கு எழுத்தே தெரியாது."

கோயில் வாசல்

வகுப்பே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். வெட்கம்கெட்டு நானும் சிரித்தேன், இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. மறுநாளிலிருந்து மலர் வரவில்லை. ஒரு நாள், ரெண்டு நாள், ஒரு வாரம். பெயரைக் கூப்பிடும்போது அவள் முறை வந்தால் சிவகாமியின் முகம் சுருங்கும். எட்டாம் நாள் சாயங்காலம் நானே கிளம்பிக் கோயில் வாசலுக்குப் போனேன்.

அம்மாக்காரி பாண்டியம்மாள் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். மலர் என்னைக் கண்டதும் பூத்தட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் குற்றவாளி மாதிரிக் காட்டிக்கொள்ளாமல், டீச்சர் தோரணையில் ஆரம்பித்தேன். "அரும்புன்னா கேவலமில்லம்மா. கொஞ்ச நாள்ல மொட்டுக்கு வந்துருவா, வருசக் கடைசியில மலராக்கிருவேன்." பாண்டியம்மாள் நாரை இழுத்து முடிந்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன டீச்சர் இப்படிச் சொல்றீக? மலந்துட்டா யாரு வாங்குவா? மொட்டுக்குத்தான் வெல."

பொட்டலம்

அந்நேரம் ஒருவர் வந்து ரெண்டு முழம் கேட்டார். பாண்டியம்மாள் அளந்து கொடுத்தார். மலர் பழைய பேப்பர்க் கட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள், ஆனால் மடிக்கவில்லை. உதடு அசைய, விரல் வரிக்கு வரி இறங்க, படித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கிட்டே குனிந்து கேட்டேன். மழை பெய்ததால் வாரச்சந்தை ஒத்திவைப்பு என்று தடங்கல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. 'ஒத்திவைப்பு' என்ற வார்த்தையை என் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாக உடைத்துத்தான் படிக்கும்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பயிற்சிக் கையேட்டை எடுத்தேன். அஞ்சாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது: பிள்ளை அந்தப் பொருளுக்குத் தன் வீட்டில் வழங்கும் பெயரைச் சொன்னால் சரி என்றே கொள்ளவும். அந்தப் பக்கத்தில் வட்டமாகச் சாம்பார்க் கறை. நான்தான் டிபன் பாக்ஸை வைத்திருந்தேன். பூப் பொதிகிற பேப்பரைப் படிக்காமல் விடாத பிள்ளைக்கு, கையில் கொடுத்த கையேட்டைப் படிக்காத நான் எழுத்துத் தெரியாது என்று முத்திரை குத்தியிருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அதுவும் கிடையாது. நான் கோயில் வாசலிலிருந்து கிளம்பியபோது பாண்டியம்மாள் சொன்னது அப்போதுதான் உறைத்தது: "அவ படிச்சு முடிக்காம ஒரு பொட்டலம் மடிக்க மாட்டா டீச்சர், அதுக்காகவே எனக்கு நாலு யாவாரம் கெடுது."

மறுதேர்வு

மறுநாள் காலையில் மறுபடி கோயில் வாசலுக்குப் போனேன். இந்தத் தடவை தோரணையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். "தப்பு எம்மேலதான்த்தா, நீ வந்து எனக்கு ஒரு தடவ நல்லாச் சொல்லிக்குடு" என்றேன். மலர் அம்மாவைப் பார்த்தாள். பாண்டியம்மாள் பையை எடுத்து அவள் தோளில் மாட்டினார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் தெர்மாகோலைக் கழற்றினேன். ஜிகினா என் தலையெல்லாம் கொட்டியது. வகுப்பு மறுபடி சிரித்தது, இந்தத் தடவை மலரும் சேர்ந்து. போனில் நிலையை மாற்ற அடுத்த பருவம் வரை வழியில்லை, ஆகவே கணக்குப்படி அவள் இன்றைக்கும் அரும்புதான். பாய் மூன்றையும் ஒட்டிப் போட்டுவிட்டேன், யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். அவரவருக்கான பாடத்தைப் பக்கத்தில் போய்க் குனிந்து சொல்லிக்கொடுக்கிறேன். இடுப்பு வலிக்கிறது. பயிற்சியில் முதலிலேயே சொன்னது இதைத்தான் என்பது வேறு விஷயம்.

கணக்கில் ஏறாவிட்டாலும் அன்றைக்கே தண்ணித்தொட்டிக்கு அங்குட்டுக் கூட்டிப்போய் அதே படத்தைக் காட்டினேன். "இது என்ன?" என்று கேட்டேன். மலர் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். "எனக்கு நந்தியாவட்டை டீச்சர். உங்க போனுக்குப் பூவு."

ஆக, இருபத்தோரு வருஷ சர்வீஸில் ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தயவால் நானும் அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்திருக்கிறேன்; மலராகவில்லையே என்று வருத்தமில்லை, மொட்டுக்குத்தான் விலை என்று பாண்டியம்மாளே சொல்லிவிட்டார்.