மலைப் பக்கம் நீட்டிய கால்

எங்கள் ஊரில் மலைப் பக்கம் காலை நீட்டிப் படுக்க மாட்டார்கள். மலையே சாமி. வேங்கிக்காலில் வாடகை வீடு பார்த்தபோதுகூட, தண்ணீர் வருமா என்று நான் கேட்பதற்குள் கட்டிலை எப்படிப் போடுவது என்று என் மனைவி அளந்துகொண்டிருந்தாள்.

இடது முழங்காலுக்குக் கீழே வீங்கியபோது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் நடக்கிற அலுப்பு என்று நினைத்தேன். இரண்டு மாதம் எண்ணெய் தேய்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் என் தலைக்குக்கூட அவ்வளவு எண்ணெய் வைத்ததில்லை. எலும்பில் புற்றுநோய் என்று சென்னையில் சொன்னார்கள். “சிகரெட்டே புடிச்சதில்லீங்க சார். கால் எனக்குத் தெரியாம புடிச்சிருக்குமா?” என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அன்றுதான் முதன்முதலாகப் பயந்தேன்.

மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போயிற்று, புருவமும் போயிற்று. மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். கெட்டுப்போன எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே உலோகம் வைத்துக் காலைக் காப்பாற்றலாம். நிறைய பேருக்கு அப்படித்தான் செய்கிறோம் என்றார். ஆனால் எனக்குக் கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, கொஞ்சம் மிஞ்சினாலும் திரும்ப வரும். முழங்காலுக்கு மேலே எடுத்துவிடுவதுதான் பத்திரம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பது பொய், ஜோக் அடித்தேன். இனி ஒற்றைச் செருப்பு எந்தக் கடையில் கிடைக்கும், கோயில் வாசலில் செருப்பு காணாமல் போனால் நஷ்டம் பாதிதானே என்று பேசிக்கொண்டே இருந்தேன். என் மனைவி கேட்டுக்கொண்டே ஆரஞ்சு உரித்தாள். கடைசிச் சுளையைக் கையில் வைத்தபடி சொன்னாள்: “கால் போச்சுன்னா நீங்க கட்டைய ஊணி நடப்பீங்க. நீங்க போயிட்டா நான் எத்த ஊணி நடக்கறது?”

கையெழுத்துப் போட்டேன்.

எடுத்த காலை என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். ஊர் மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்றாளாம் என் மனைவி. அவள் தம்பி அதை ஐஸ் பெட்டியில் வைத்து வாடகைக் காரில் கொண்டுபோனான். திண்டிவனத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கியபோது இவன் மட்டும் இறங்கவில்லையாம். பெட்டியைத் தனியே விட மனசு வரவில்லை என்றான். என்னை அவன் அவ்வளவு மரியாதையாக நடத்தியது அந்த ஒரு நாள்தான்.

வீடு திரும்பிய பிறகு, சுடுகாட்டில் எப்படி வைத்தாய் என்று அவனைக் கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

“நல்லாத்தான் வச்சேன் மாமா. பூ போட்டு, கற்பூரம் ஏத்தி.”

“விரல் எந்தப் பக்கம்டா?”

நினைத்துப் பார்த்தான். பொணம் என்றால் தலை தெற்கே என்று எல்லோருக்கும் தெரியும். வெறும் காலுக்கு யார் திசை சொல்லி வைத்திருக்கிறார்கள்? அவன் கை தானாக எழுந்து ஜன்னலுக்கு வெளியே காட்டியது. அங்கே மலை இருந்தது. அவன் முகம் செத்துவிட்டது.

இல்லாத கால் வலிக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதற்குத் திசை உண்டு என்று சொல்லவில்லை. எப்படிப் புரண்டு படுத்தாலும் அந்தப் பாதம் மலைப் பக்கமே நீண்டு கிடந்தது. குதிகாலில் ஈர மண் ஒட்டியிருப்பது போல் ஒரு ஜில்லிப்பு. தோண்டித் திருப்பி வைத்துவிட்டு வா என்று மைத்துனனை அனுப்பினேன். மழை மேட்டைக் கரைத்துவிட்டது, இடமே தெரியவில்லை என்று திரும்பி வந்தான். ஒரே காலை இரண்டு தடவை தொலைத்த ஆள் நான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுரையீரலை ஸ்கேன் எடுக்கிறார்கள். அங்கே பரவியிருக்கிறதா என்று பார்க்க. இதுவரை ஒன்றுமில்லை. ஆனால் ஸ்கேனுக்குப் போகும் நாள் நெருங்க நெருங்க அந்த ஜில்லிப்பு ஜாஸ்தியாகும். சாமி பழி வாங்காது என்று மற்றவர்களுக்குச் சொல்வேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது குரல் கம்மியாகிவிடுகிறது.

நாளை ஸ்கேன். இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். இந்தச் சங்கதி எதையும் என் மனைவியிடம் நானும் சொன்னதில்லை, அவள் தம்பியும் சொன்னதில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னங்க, கால மலைப் பக்கம் நீட்டாதீங்க.”

என் வலது கால் மடங்கித்தான் இருந்தது. இடது பக்கம் வெறும் போர்வை. அவள் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்.

சரி என்றேன். மடக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை.