ஆறடி நிலையும் இரண்டு மீட்டர் ஓட்டையும்

கடலூர்ப் பட்டறையிலிருந்து வந்த முதல் சன்னல் நிலையைச் சுவரில் நிறுத்திய காலையில்தான் எனக்கு என் தப்பு தெரிந்தது. இரு பக்கமும் மூன்று அங்குலத்துக்கு மேல் சந்து. நிலையைச் செய்த கோவிந்த ஆசாரி நிதானமாகப் பார்த்தார்.

"ஏன் முசியே, காத்து சன்னலச் சுத்திகினே போவுது. அப்புறம் சன்னல் எதுக்கு?"

முப்பதுகளில், ஐயா என்பதற்கு முசியே என்னும் பிரெஞ்சுப் புதுச்சேரியின் கடற்கரையில் ஒரு வியாபாரிக்கு வீடு கட்டினோம். பிளான் போட்டவர் இங்கிலீஷ் துரை. சொந்த ஊரில் தேவாலயம், கொழும்பில் பாங்கி என்று கட்டிவிட்டு வந்தவர். அவர் அடிக்கணக்கில் வரைவார். கடலூர் இங்கிலீஷ்காரன் சீமை, ஆசாரி அந்த அடிக்கணக்கிலேயே நிலையைச் செய்துவிடுவார். எங்கள் கொத்தனார்களுக்கு மீட்டர்தான் தெரியும். மாற்றிக் கொடுக்கிற டிராஃப்ட்ஸ்மேன் நான். மற்றத் தாள்களை ஒழுங்காக மாற்றினேன். சன்னல் தாளை மாற்றிய அன்று மாதா கோவில் தேருக்குப் போகும் அவசரம். மூன்றடி ஒரு மீட்டர் என்று போட்டு, ஆறடி ஓட்டையை இரண்டு மீட்டராக்கிவிட்டேன். மிச்சத்தை மாதா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன் போலும். இப்போது எட்டு சன்னலுக்கும் மேலே ஆர்ச் கட்டி முடித்தாயிற்று.

ஓட்டைகளைக் கோணியால் மூடினேன். பூச்சு காய்கிறது, காற்று படக்கூடாது என்று துரையிடம் கதை அளந்தேன். வேலை போனால், புதுச்சேரிக்காரர்கள் பிழைக்கப் போகிற சைகோனுக்குக் கப்பலேறிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். "நோணாங்குப்பம் ஆத்துல படகு ஏறுனதுக்கே வாந்தி எடுத்தீங்க" என்றாள்.

மூன்றாம் நாள் துரையே கோணியை விலக்கினார். நிலையைச் சின்னதாகச் செய்துவிட்டாயா என்று ஆசாரியைத்தான் கேட்டார். ஆசாரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைவிட சைகோன் கப்பலே மேல்.

"நான்தான் சார். கணக்கு என்னுது."

"எத்தனை நாளா மூடி வச்சிருக்க?"

"மூணு நாள் சார்."

"மூணு நாள் லேட்."

துரை செங்கல் குவியலில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். அவர் கட்டிய முதல் தேவாலயத்தில் மணி உள்ளே போகிற அளவுக்கு வாசலே இல்லையாம். சுவரை இடித்து மணியை ஏற்றி, இடித்த இடத்தில் வட்டச் சன்னல் வைத்தாராம். ஊரே அதைத்தான் புகழ்கிறதாம். பேசிக்கொண்டே என் தாளின் ஓரத்தில், நிலைக்கு இரு பக்கமும் காற்று புக இடைவெளி விட்ட ஒல்லியான மரச்சட்டப் பலகணி வரைந்தார். ஆசாரி ஒரே வாரத்தில் செய்து கொடுத்தார்.

சன்னலைச் சாத்தினாலும் அந்த வீட்டில் கடற்காற்று வரும். வருகிறவர்கள் துரையின் மூளையை மெச்சுவார்கள். நானும் தலையாட்டுவேன். அடுத்த ஐந்து கட்டடங்களுக்கும் அவர் என்னையேதான் கூப்பிட்டார்.

இப்போது தப்பு நேர்ந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் மறைப்பதில்லை. அந்த ஒரு மணி நேரம் நடுங்குவதற்கு வேண்டும்.