கிண்ணத்தில் ஒரு கோடு

இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தா வீதிப் பக்கம், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் வீட்டுக்கார அம்மாவிடம் நான் பாத்திரம் கழுவ, மன்னார் அக்கா ஒருவர் துடைப்பார். எதையும் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்த பிறகே அடுக்குவார்.

ஒருநாள் சிஞ்ஞோராவின் பழைய அமெரிக்கக் கண்ணாடிக் கிண்ணத்தில் நீளமாக ஒரு கோட்டைக் கண்டேன். உடைத்துவிட்டேன், வேலை போச்சு என்று மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டேன். அக்கா மறித்து, கோட்டை நகத்தால் தடவினார்.

"விசரா, வெடிப்பெண்டால் நகம் உள்ளை இறங்கும். இது மேலை எழும்பி நிக்குது. உருகின கண்ணாடியை இரும்பு அச்சுக்குள்ளை விட்டு அமத்தினது. அச்சின்ரை ரெண்டு பாதி பொருந்தின இடம்தான் இந்தக் கோடு."

"உங்களுக்கு எப்பிடியக்கா தெரியும்?"

"மூண்டு வருசமாத் துடைக்கிறன். என்ன சாமானெண்டு தேடிப் படிக்காமல் துடைப்பனே?" தலை நிமிர்ந்துதான் கேட்டார்.

நானும் அதே மூன்று வருடமாகக் கழுவுகிறேன். யாராவது கேட்டால், சவர்க்காரத்தின் பெயரைச் சரியாகச் சொல்வேன்.