சுவிட்சை யார் போடுவது

ஒரு கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போனதற்கு என் கல்யாணம் முறிந்ததுதான் காரணம் என்று சிதம்பரத்தில் ஒரு கடை முழுக்க நம்பியது. பலரும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை, இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. அதை ஆற விடவும் எனக்கு விருப்பமில்லை.

2009 என்று நினைக்கிறேன். கடலூரில் அப்பா வீட்டில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய்வந்தேன். சிப்காட் கெமிக்கல் ஆலைகள் வந்ததும் பஸ்ஸில் எல்லோரும் முந்தானையையோ கர்ச்சீப்பையோ மூக்கில் வைத்துக்கொள்வார்கள். செம்மங்குப்பம் தாண்டியதும் எடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். எனக்குக் கோயில் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை. கல்யாண வீடியோக்களை எடிட் பண்ணுவேன். மாலை மாற்றுவதும், தாலி கட்டுவதும், அரிசி தூவுவதும், பந்தியில் கேமராவைப் பார்த்ததும் இலைக்குள் முகத்தைப் புதைக்கும் பெரியப்பாக்களும், எல்லாமே என் கையில்தான் ஒழுங்கு பெற்றன. நன்றாகச் செய்வேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு கல்யாணத்தின் டேப்புகளை ஏற்றினாலே கம்ப்யூட்டரின் வயிறு நிரம்பிவிடும். அதனால் வெளியே மூன்று ஹார்டுடிஸ்குகள் மாட்டியிருந்தோம். ஒன்று சட்டைப் பையில் போடுகிற அளவுக்குச் சின்னது. இன்னொன்று கனமான கறுப்புப் பெட்டி. மூன்றாவது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் இருந்தது ஓனருடைய பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க். அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போக, மெக்கானிக் அந்த டிஸ்கை மட்டும் கழற்றித் தகர உறையில் போட்டு, "தூக்கிப் போடாதீங்க மச்சான், வேலைக்கு ஆவும்" என்று ஓனரின் மகனிடம் கொடுத்திருந்தான். கறுப்புக்கும் தகரத்துக்கும் தனித்தனி அடாப்டர். எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கும்.

தகரப் பெட்டி வந்த வாரத்தில்தான் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரியும், பீப் என்று சத்தம் வரும். பிறகு கறுப்புத் திரையின் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான், அதற்கு மேல் அசையாது.

ஆனால் அதே வாரத்தில் கடையில் இன்னொன்றும் நடந்தது. என் புருஷன் வெளிநாட்டில் இருப்பதாக ஓனர் தானாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அவனை விட்டுவிட்டு நானே கிளம்பி வந்தவள் என்பது யார் மூலமோ அவர் காதுக்குப் போனது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பனம்பழத்தை யாரும் பார்க்கவில்லை, காக்கையைத்தான் பார்த்தார்கள்.

மெக்கானிக் வந்தான். மெமரியைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்துத் திரும்ப மாட்டினான். சரியாகவில்லை. பவர் சப்ளையை மாற்றினான். அதுவும் இல்லை. கடைசியில் கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் தன் கடைக்குத் தூக்கிப் போனான். மறுநாள் சிரித்துக்கொண்டு திரும்பி வந்து ஓனரின் மகனிடம் சொன்னான்.

"எங்க கடைல சூப்பரா ஓடுது மச்சான். இங்க வந்தாதான் படுத்துக்குது. உங்க கடைலதான் என்னமோ இருக்கு."

ஓனர் கடையைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை என் மேல் வந்து நின்றது. மனதில் இருந்ததை வாய்விட்டு சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருடைய மருமகள் கடைக்கு வந்தாள். காடாம்புலியூர்ப் பெண், கல்யாணமாகிச் சில மாதம்தான். "நீ ஒரு தடவ போட்டுப் பாரும்மா" என்றார். அவள் பயந்துகொண்டே அழுத்தினாள். கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. "பாத்தியா, மகாலட்சுமி கை!" என்று ஓனர் அப்போதே ஆள் அனுப்பிப் பூ வாங்கிவரச் செய்தார். பூவை அவள் தலையில் வைக்கச் சொன்னார். மீதியைக் கம்ப்யூட்டருக்குப் போட்டார்.

அன்றிலிருந்து அதுவே சட்டமானது. காலையில் அவள் வந்து சுவிட்சைப் போடவேண்டும். கரண்டு போய் வந்தால் வீட்டுக்கு ஆள் போகும். அந்த வருஷங்களில் கரண்டு போவதும் வருவதும் உங்களுக்குத் தெரியும். பக்கத்துத் தெருவிலிருந்து அடுப்பில் இருப்பதை அணைத்துவிட்டு அவள் ஓடி வருவாள். அவள் அழுத்தினால் ஒரு தடவைகூடத் தவறாது. நான் ஒருமுறை பொறுமை இழந்து அழுத்தினேன். வெள்ளைக் கோடு சிமிட்டியது.

"இந்தாம்மா, நீ சுவிட்ச தொடாத. உக்காந்து வேலய மட்டும் பாரு," என்றார் ஓனர்.

"கம்ப்யூட்டருக்கு என் ஜாதகம் எப்படிண்ணே தெரியும்?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாதவிலக்கு நாட்களில் மருமகளை வீட்டில் உட்காரவைத்துவிடுவார்கள். அந்த நாட்களில் கம்ப்யூட்டரும் எழாது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தெருவில் தேங்காய்க் கடைக்காரர்வரை கைராசியைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு மட்டும் ரத்தம் கொதித்தது.

கார்த்திகை மாதத்தில் ஓனர் விஷயத்தை உடைத்தார். தை பிறந்ததும் எடிட்டிங்குக்கு வேறு ஆள் வருமாம். "நல்ல குடும்பத்துப் பொண்ணு" என்றார். நான் உள்ளே உட்கார்ந்து ஆல்பம் ஒட்டலாம், சம்பளத்தில் ஒன்றும் குறைக்கமாட்டாராம். "சுபகாரியம் பாரும்மா. நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க." அந்த நாற்காலியில் உட்கார நான் யார் காலிலும் விழவில்லை, வேலை கற்றுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாழாவெட்டியின் கை பட்டால் தாலி கட்டுகிற காட்சிக்குத் தீட்டு என்றால், அவர்கள் கடையில் இதுவரை போன அத்தனை சிடியும் தீட்டுத்தான். பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வந்தது. அழவில்லை, ஜன்னலைப் பார்த்து வாய்க்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்து மருமகள் வராத நாள் வந்தது. ஓனரும் மகனும் பண்ருட்டியில் ஒரு முகூர்த்தத்துக்குப் போயிருந்தார்கள். கடையில் நான் மட்டும். மெக்கானிக் கடையில் ஓடுகிறது, இங்கே ஓடவில்லை என்றால் இங்கே மட்டும் இருப்பது எது என்று யோசித்தேன். நான் இருக்கிறேன், சரி. என்னைத் தவிர? பிரிண்டர், மூன்று டிஸ்குகள். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். சாமி கும்பிடவில்லை, பொட்டுகூடக் கலைந்திருந்தது. அழுத்தினேன். ஓடியது.

கடையில் யாரும் இல்லாததால் நன்றாகவே கத்தினேன்.

பிறகு நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக மாட்டி அழுத்திப் பார்த்தேன். பிரிண்டரோடு ஓடியது. சின்ன டிஸ்கோடு ஓடியது. கறுப்புப் பெட்டியோடும் ஓடியது. தகரப் பெட்டியை மாட்டியதும் வெள்ளைக் கோடு. அதைப் பிடுங்கினால் மறுபடி ஓடியது. ஆன் ஆகும்போது டெலீட் கீயைத் தட்டினால் ஒரு நீலத் திரை வரும். அதில் கம்ப்யூட்டர் விண்டோஸை எங்கெங்கே, எந்த வரிசையில் தேடவேண்டும் என்று இருக்கும். முதலில் வெளியே மாட்டிய டிஸ்க், பிறகுதான் உள்ளே இருப்பது என்றிருந்தது. மற்ற இரண்டு டிஸ்கிலும் வெறும் வீடியோ, அதனால் தாண்டிப் போய்விட்டது. தகரப் பெட்டியில் இருந்தது ஒரு காலத்தில் கம்ப்யூட்டரையே ஓட்டிய டிஸ்க், பழைய விண்டோஸின் மிச்சம் அதில் கிடந்தது. காலி பண்ணிவிட்டுப் போன வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி, எங்கள் கம்ப்யூட்டர் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

வரிசையை மாற்ற ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் நான் மாற்றவில்லை, எல்லாவற்றையும் பழையபடியே மாட்டிவைத்தேன். சத்தமில்லாமல் சரிசெய்தால் மருமகள் வந்து அழுத்துவாள், ஓடும், அவள் கைராசிக்கு இன்னொரு மாலை விழும். என் கை அப்படியே கிடக்கும். தவிர, அவள் அழுத்தினால் மட்டும் ஏன் ஓடுகிறது என்பது எனக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை.

அவள் திரும்பி வந்த காலையில் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். வந்ததும் சுவிட்சைத் தொடவில்லை. கையில் சுருட்டிவைத்திருந்த சார்ஜரை எடுத்தாள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓரத்தில் இருந்த அடாப்டரைப் பிடுங்கி, அந்த இடத்தில் சார்ஜரைச் செருகி, போனை மாட்டினாள். பிறகுதான் சுவிட்ச். அவள் பிடுங்கியது தகரப் பெட்டியின் அடாப்டர். புருஷன் கழித்துக் கொடுத்த போன் அது, பேட்டரி நிற்காது, சார்ஜரில் இருந்தால்தான் பேச முடியும். வீட்டில் பேசினால் மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாராம். அதனால் கம்ப்யூட்டர் எழுந்ததும் மூலையில் நின்று அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசுவாள். போகும்போது அடாப்டரைப் பொறுப்பாகத் திரும்பச் செருகிவிடுவாள். முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு தடவைகூடச் சார்ஜர் இல்லாமல் கடைக்கு வந்ததில்லையாம்.

அவளிடம் சொல்லத் தயங்கினேன். அந்த வீட்டில் அவளுக்கு இருந்த மரியாதையே இந்தக் கையால் வந்தது என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப நான் இல்லாட்டியும் இது ஓடுமாக்கா?"

"ஓடும்."

அவள் முகம் சிவந்துபோனது. "எங்கம்மா வழுக்கி விழுந்து கால ஒடச்சிக்கிட்டு படுத்திருக்காங்க. ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன்னு எவ்ளோ கெஞ்சியிருப்பேன். நீ போயிட்டா கடய மூட வேண்டியதுதான்னு சிரிக்கிறாங்கக்கா. இந்த ஒயருக்காகவா?"

மறுநாள் அவள் சார்ஜர் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாள். ஓனரும் மகனும் இருந்தார்கள். சிடி வாங்க வந்த கல்யாண வீட்டுக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அழுத்தினாள். வெள்ளைக் கோடு. மறுபடி அழுத்தினாள். வெள்ளைக் கோடு.

"சாமிய கும்புட்டுட்டுப் போடும்மா," என்றார் ஓனர்.

கும்பிட்டுவிட்டு அழுத்தினாள். கோடு சிமிட்டியது. அவள் திரும்பி நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "என் கையும் சும்மா கைதான் மாமா. அக்கா, நீங்க போடுங்க."

"வேணாம்," என்றார் அவர்.

நான் தகரப் பெட்டியின் அடாப்டரைப் பிடுங்கி அவர் முன்னால் வைத்துவிட்டு அழுத்தினேன். ஓடியது.

"ஏதோ ஒயரு கோளாறு போலருக்கு," என்றார் ஓனர்.

"அதத்தாண்ணே நானும் சொல்றேன். ஒயரு. நான் இல்ல."

நீலத் திரைக்குப் போய் வரிசையை மாற்றினேன். மூன்று டிஸ்கையும் மாட்டிவிட்டு, நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டினேன். வேலை முடிந்ததும் ஓனர் என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் சரிம்மா. காலைல மட்டும் மருமவளே போட்டுட்டுப் போவட்டும். ஒரு சென்டிமென்ட்டு."

தாழ்ந்த குரலிலும் அது மருமகளுக்குக் கேட்டுவிட்டது. "நாளைக்கு நான் ஊருக்குப் போறேன் மாமா. அம்மா நடக்குற வரைக்கும் இருந்துட்டுத்தான் வருவேன்," என்றாள். வந்திருந்தவர்கள் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் காலை கடை திறந்ததும் ஓனர் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சுவிட்சைத் தொடுவதைப் பார்க்கக்கூடாது என்று அப்படி. பார்க்காவிட்டால் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? நான் கையைச் சுவிட்சின் மேலேயே வைத்திருந்தேன்.

"திரும்புங்கண்ணே," என்றேன்.

அவர் திரும்பவில்லை.

"நீங்க திரும்புனாதான் போடுவேன்."

அவர் திரும்பும்வரை நான் சுவிட்சைப் போடவில்லை.