இடது பக்கம் காத்து வரக்கூடாது

கார் ஏசி ரிப்பேர் தொழில்ல ஒரு தொல்லை என்னன்னா, விக்கிற சரக்கைக் கண்ணால பார்க்க முடியாது. டயருன்னா உருட்டிக் காட்டலாம், பெயின்ட்டுன்னா பளபளப்பைக் காட்டலாம். நாங்க விக்கிறது குளிர்ந்த காத்து. கையை நீட்டித் தொட்டுப் பார்த்துதான் விக்கணும், தொட்டுப் பார்த்துதான் வாங்கணும்.

என் பேர் லூர்து. ராயப்பேட்டையில ஒரு சந்துல நானும் பாஷாவும் கூட்டா ஷெட் வெச்சிருக்கோம். அவன் எலெக்ட்ரீஷியன், நான் ஏசி. முப்பது வருஷம் ஓடிப்போச்சு. புது வண்டி எதுவும் எங்க சந்துக்குள்ள வராது. வர்றதெல்லாம் பதினஞ்சு, இருபது வயசு தாண்டினது. மே மாசம் மத்தியானம் சிக்னல்ல மாட்டிக்கிட்டு, கண்ணாடியை ஏத்தினா புழுக்கம், இறக்கினா அனல்னு வெந்தவங்க யாராவது இதைப் படிச்சா, நீங்கல்லாம் நம்ம ஆளுங்கன்னு நினைச்சுதான் சொல்றேன்.

என் வலது கையைப் பத்தி முதல்லயே சொல்லிடறேன். டேஷ்போர்டுல காத்து வர்ற ஏசி வென்ட்டுக்கு எதிர்ல பின்னங்கையைப் பத்து எண்ணுற வரைக்கும் வெச்சாப் போதும். கேஸ் கம்மியா, ஃபில்டர் அடைச்சிருக்கா, உள்ள காத்தைத் திருப்பி விடற ஃப்ளாப் மாட்டிக்கிச்சான்னு பட்டுன்னு சொல்லிடுவேன். மீட்டர் வெச்சுப் பார்க்கிற மெக்கானிக்கைக் கண்டா எனக்கு இளக்காரம். அந்தத் திமிர் பிடிச்ச கைக்கு வந்த கதைதான் இது.

மாமா வண்டியில பூ

மயிலாப்பூர்லேருந்து ஒரு மாமா வருவார், பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவர். வண்டியில காத்தே வரமாட்டேங்கறதுன்னு வந்து நின்னார். டேஷ்போர்டு மேல சின்னதா ஒரு பெருமாள், பெருமாளுக்கு தினமும் துளசி, மல்லிகை. நம்ம ஊர் வண்டியில பாதிக்கு இதுதான் வியாதி. வாடின பூவெல்லாம் முன்கண்ணாடி ஓரத்து இடுக்கு வழியா உள்ள விழுந்து, காத்து வர்ற பாதையில படுத்துக்கும். சாமியைக் குத்தம் சொல்ல முடியுமா? ஏசியைத்தான் திட்டுவாங்க.

டேஷ்போர்டைக் கழட்டிக் கையை விட்டா, சருகு சருகா வந்துக்கிட்டே இருக்கு. மாமாவுக்கு ஒரே கூச்சம். "குப்பையில போட்டுடாதே, ஆத்துல செடிக்குப் போட்டுடறேன்"னு துணிப்பையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டார். நான் அள்ளிப் போட, அவர் பேரன் அமெரிக்காவுல என்ன படிக்கிறான்னு சொல்லிக்கிட்டே வந்தார். திடீர்னு பேச்சு நின்னுபோச்சு. பைக்குள்ள பார்த்தார், என் கையைப் பார்த்தார். உள்ள இருந்த தகர விளிம்பு நடுவிரலை ஆழமா அறுத்திருக்கு. எப்போ அறுத்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது.

"லூர்து, பூவெல்லாம் ரத்தமா இருக்கே, நோக்கு வலிக்கவே இல்லையா?"

கண்ணை மூடிக்கிட்டு

என் வீட்டுக்காரி ஸ்டெல்லா டீச்சர். மறுநாளே லீவு போட்டுட்டு என்னை டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனா. சர்க்கரை எனக்குப் பல வருஷமா இருக்கு. மாத்திரை ஞாபகம் வந்தாப் போடுவேன், பிரியாணி மட்டும் ஞாபகமாத் தின்னுவேன். காலு மரத்துப் போய் ரொம்ப நாளாச்சு, செருப்பு கழண்டுக்கிட்டாக்கூட தெரியாது. அதையெல்லாம் நான் யார்கிட்டயும் சொல்லல.

டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கச் சொன்னார். மெல்லிசா தூண்டில் நரம்பு மாதிரி ஒண்ணு வெச்சிருந்தார். "விரல்ல தொடுவேன், தொட்டாத் தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க"ன்னார். நானும் பரீட்சையில காப்பி அடிக்கிறவன் மாதிரி உத்தேசமா ஒரு 'ம்', கொஞ்சம் விட்டு ஒரு 'ம்'னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ரூம்ல சத்தமே இல்லையேன்னு கண்ணைத் திறந்தேன். டாக்டர் அந்த நரம்பைக் கீழ வெச்சு ரொம்ப நேரமாச்சு போல. ஸ்டெல்லா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறா. போன உணர்ச்சி திரும்பாது, மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்னார் டாக்டர். எனக்குச் சாவு சேதி கேட்ட மாதிரி இருந்துச்சு.  வீட்டு வாசல்ல ஆட்டோவை விட்டு இறங்கும்போது ஸ்டெல்லா கேட்டா.

"ஊர் வண்டியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தீங்களே, உங்களைத் தொட்டுப் பார்க்க ஒரு நாள்கூட நேரமில்லையாங்க?"

கன்னத்துக்கு வந்த வேலை

கை போச்சுன்னு வெளிய தெரிஞ்சா எவன் வண்டியைக் கொண்டாந்து விடுவான்? நான் மறைச்சேன். கன்னத்துல இன்னும் சூடு, குளிர் தெரியுது. அதனால யாரும் பார்க்காதப்போ வென்ட்டுக்கிட்ட மூஞ்சியைக் கொண்டுபோய்க் கன்னத்தை வெச்சுப் பார்ப்பேன். தி.நகர் ஜவுளிக்கடை முதலாளியோட டிரைவர் ஒருத்தன் டீ வாங்கிக்கிட்டு வரும்போது என்னைப் பார்த்துட்டான். "இன்னா நைனா, வண்டியாண்ட முத்தா வாங்கினுகீற?"ன்னு சந்து முழுக்கக் கேக்கிற மாதிரி கத்தினான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சேர்ந்து சிரிச்சேன். வேற என்ன பண்றது?

பாஷா மட்டும் சிரிக்கல. அவனுக்கு விஷயம் தெரியும். மறுநாள் வென்ட்ல சொருகிப் பார்க்கிற முள்ளு தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கிட்டு வந்து என் மேசை மேல வெச்சான். நான் அதைக் கையில எடுக்காமலே டிராயரைத் திறந்து உள்ள தள்ளினேன்.

"கண்ணு மங்கினா கண்ணாடி போட்டுக்கினுதான கீறோம் மச்சி, கைக்கு மட்டும் இன்னாத்துக்கு உனக்கு இவ்ளோ ரோசம்?"

சைதாப்பேட்டை வண்டி

குமரேசன் சார் சைதாப்பேட்டை கோர்ட்டுல கிளார்க்கா இருந்தவர். அவர் சம்சாரம் சரோஜா அம்மாவுக்குப் புற்றுநோய். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை அடையாறுல ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏத்திக்கிட்டு வரணும். அந்த மருந்து ஏறினா, அப்புறம் நாலு நாளைக்குக் குளிர்ச்சி மேல படவே கூடாதாம். பட்டா விரலெல்லாம் ஊசி ஊசியாக் குத்துமாம், தொண்டை இறுக்கிக்குமாம். ஆனா ஏசி போடாம வெயில்ல ஓட்டினா சாருக்குத் தலை சுத்துது, ஒரு தடவை வண்டியை நடுரோட்டுலயே நிறுத்திட்டாராம். பின்சீட்டுல உட்கார்ந்தா அந்த அம்மாவுக்கு வாந்தி. இடது பக்க வென்ட்டோட மூடி உடைஞ்சு கிடந்தது. அந்த மாடலுக்கு இப்போ பார்ட்ஸும் வர்றதில்ல.

"சார் பக்கம் வரணும், என் பக்கம் வரக்கூடாது. முடியுமா தம்பி?"ன்னு கேட்டாங்க சரோஜா அம்மா. என்கிட்ட இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல. நான் உள்ளேயே ஸ்பாஞ்சு வெச்சு அடைச்சேன். அடைச்சிட்டு, ரெண்டு பேரும் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்களேன்னு, கன்னத்தைக் கொண்டுபோக வெட்கப்பட்டுக்கிட்டுக் கையை நீட்டினேன். பத்து எண்ணினேன். எனக்கு ஒண்ணுமே தெரியல. எனக்கு எதுலதான் தெரியுது? இருந்தாலும் சொன்னேன், "ஒரு பொட்டு காத்து வராதும்மா, முப்பது வருஷக் கை இது"ன்னு. பாவி நான், சொன்னேன். அந்த அம்மா வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, ரொம்ப நாளுக்கப்புறம் சிரிக்கிறவங்க மாதிரி சிரிச்சாங்க.

"தம்பி கையே சொல்லிடுச்சே, அப்புறம் என்னங்க பயம்?"

கையுறை

மூணாம் நாள் குமரேசன் சார் மட்டும் ஆட்டோவுல வந்தார். வாசல்லயே நின்னார், உட்காரச் சொன்னா உட்காரல. மருந்து ஏத்திக்கிட்டுத் திரும்பும்போது பாலத்துக்கிட்ட டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாங்களாம். இடது பக்கம் கீழேருந்து காத்து கசிஞ்சிருக்கு. அந்த அம்மா வாயைத் திறக்கல. சொன்னா இவர் ஏசியை அணைப்பார், அணைச்சா ஓட்டும்போதே தலை சுத்தும். அதனால கையை முந்தானைக்குள்ள சுருட்டி வெச்சுக்கிட்டு வீடு வரைக்கும் வந்திருக்காங்க. வீட்டுல இறங்கும்போதுதான் சார் பார்த்திருக்கார், கதவைத் திறக்க விரலை மடக்க முடியலையாம். ராத்திரி முழுக்கத் தண்ணிகூட முழுங்க முடியலையாம்.

மன்னிச்சிடுங்க சார்னேன். அவர் கத்தல. கத்தியிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்.

"உங்க கையை நம்பித்தானே லூர்து அவ கையுறையைக்கூட வீட்டுலயே வெச்சிட்டு வந்தா?"

ரெண்டு கை

வண்டியைக் கொண்டாங்க, கால்ல விழுந்தாவது சரி பண்ணித் தர்றேன்னு போன் பண்ணிக்கிட்டே இருந்தேன். அடுத்த மருந்துக்கு முதல் நாள் சரோஜா அம்மாவே கூட வந்தாங்க. நான் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போதே பேச்சுவாக்குல ஏசி பைப்பைப் பிடிச்சேன். ஏசியில குளிர்ற பைப் ஒண்ணு, கொதிக்கிற பைப் ஒண்ணு இருக்கும். நான் பிடிச்சது கொதிக்கிற பைப். "தம்பி, கையை எடுங்க!"ன்னு அலறினாங்க அந்த அம்மா. எடுத்துப் பார்த்தா உள்ளங்கை சிவந்து கிடக்கு. கிட்ட வந்து என் கையைப் பார்த்தாங்க. "உங்களுக்கும் போச்சா?"ன்னு மெதுவாக் கேட்டாங்க. போச்சும்மா, அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்னேன். ஒரு கஸ்டமர்கிட்ட அதை நான் முதல் தடவையாச் சொன்னது அப்போதான். எனக்கு அழுகை வந்துடுச்சு, அடக்கல.

டிராயர்லேருந்து தெர்மாமீட்டரை எடுத்தேன். அடைச்ச வென்ட்ல வெச்சா குளிரே இல்லைன்னுதான் காட்டுது. "அதுக்கென்ன தெரியும்"னு சொல்லிட்டு, அந்த அம்மா இடது சீட்டுல உட்கார்ந்து, டேஷ்போர்டுக்கு அடியில தன் விரலை விட்டாங்க. வேணாம்மா, வேணாம்மான்னு நான் தடுக்கிறதுக்குள்ள, "ஸ்ஸ்..."ன்னு கையை இழுத்துக்கிட்டாங்க. மருந்து ஏறிப் பத்து நாளுக்கு மேல ஆகியும் அந்த விரல்ல குத்தல் போகல. "இங்க ஒண்ணு"ன்னாங்க. நான் குனிஞ்சு பார்த்தா, மயிர் கனத்துக்கு விரிசல். டேப் ஒட்டி அடைச்சேன். மறுபடி விரலை விட்டாங்க. "ஸ்ஸ்... கதவு ஓரமா ஒண்ணு." அடைச்சேன். மூணு இடம். மூணு தடவையும் அந்த அம்மா தோள் தூக்கிப் போட்டுச்சு. குமரேசன் சார் பார்க்கமுடியாம சந்து முனைக்குப் போய்த் திரும்பி நின்னுக்கிட்டார். பாஷா ஏதோ ஸ்பேனரைத் தேடுற மாதிரி தரையைப் பார்த்துக்கிட்டிருந்தான். கடைசியா ஒரு தடவை சரோஜா அம்மா எல்லா இடத்துலயும் நிதானமா விரலை ஓட்டினாங்க. ஒண்ணும் ஆகல. என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க.

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியல, எனக்கு எல்லாமே ஜாஸ்தியாத் தெரியுது. ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு நல்ல மெக்கானிக் தம்பி."

புது ஓனர்

அதுக்கப்புறம் ரெண்டு தடவை சார் போன் பண்ணினார், குத்தலே இல்ல, நல்லபடியாப் போய்ட்டு வந்தோம்னு. அப்புறம் போன் வரல. நானாப் பண்ணி என்ன ஏதுன்னு கேக்க எனக்குத் தைரியம் வரல. டிராயர்ல இருந்த தெர்மாமீட்டர் சட்டைப் பைக்கு வந்துடுச்சு. வர்றவங்ககிட்ட, "என் கைக்குத் தெரியாது, நீங்களும் ஒரு தடவை கை வெச்சுப் பாருங்க"ன்னு சொல்லிடறேன். ஓடிப்போனது ரெண்டு மூணு பேர்தான், மத்தவங்க இருக்காங்க.

போன மாசம் அதே வண்டி சந்துக்குள்ள வந்துச்சு. நான் எழுந்து ஓடினேன். இறங்கினது ஒரு சின்ன வயசுக்காரர், ஐடி கம்பெனி அட்டை கழுத்துல தொங்குது. வந்ததும் வராததுமா சண்டை. வண்டி வாங்கி ஒரு வாரம்தானாம், கல்யாணமான புதுசாம், பக்கத்துல உட்கார்ற பொண்டாட்டி புழுங்கிச் சாகுறாளாம். விக்கும்போது குமரேசன் சார், "லூர்துகிட்ட கொண்டுபோங்க, அவர்தான் அதைப் பிரிக்கணும், வேற யாரும் கை வைக்க வேணாம்"னு சொல்லி அனுப்பினாராம். ஏன் வித்துட்டார்னு கேட்டேன். "அவங்க ஒய்ஃப் தவறிட்டாங்களாம் சார், இனிமே எங்க போறதுக்கு வண்டின்னார்"னாரு. பாஷா எழுந்து வந்து என் தோள்ல கையை வெச்சான். அது நல்லாத் தெரிஞ்சுது.

முட்டி போட்டு டேஷ்போர்டுக்கு அடியில குனிஞ்சேன். மூணு இடத்துலயும் நான் ஒட்டினது ஒட்டினபடியே இருக்கு. சாதாரணமா ஒரு இழுப்புல வர்ற டேப்பைப் பிரிக்க எனக்கு அரைமணி நேரம் ஆச்சு. எனக்குப் பின்னால நின்னுக்கிட்டு அந்தப் பையன் வாட்சைப் பார்த்துக்கிட்டே கேட்டான்.

"எவன் சார் இதை இப்படி அடைச்சு வெச்சது, இந்தப் பக்கம் ஒரு பொட்டு காத்து வரல!"

ஜில்லுனு காத்து வரவைக்கிறதுக்குத்தான் முப்பது வருஷமா இந்தத் தொழில்ல பேர் வாங்கப் பார்த்தேன். கடைசியில எனக்குக் கிடைச்ச ஒரே நல்ல சர்டிபிகேட், காத்து வரலைன்னு ஒருத்தர் திட்டினதுதான்.